சிங்கப்பூர் யூனிவர்சலில் எக்ஸ்பிரஸ் எடுப்பதா, வரிசையில் நிற்பதா? மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

எங்கள் வீட்டு அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மகனை முதுகு ஒட்ட நிற்க வைத்து, தலையில் ஒரு கொப்பியை மட்டமாக வைத்துக் கோடு கீறுவோம். நாங்கள் சிங்கப்பூர் போன டிசம்பரில் கடைசிக் கோடு 119 சென்ரிமீற்றரில் நின்றது. டிக்கெட் வாங்கும் முன் அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் 'மம்மி' ரைட்டின் (சவாரியின்) வாசலில், உயரம் பார்க்கும் இடத்தில் அவன் போய் நின்றபோதுதான் 122 என்ற எண்ணை முதல்முதலாகக் கண்டேன். பிள்ளை குதியை உயர்த்தினான், கழுத்தை நீட்டினான். அங்கு நின்ற பெண் அவன் தோளில் மெல்லத் தட்டி, "அடுத்த வருசம் வாங்க தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். அவன் கையில் எக்ஸ்பிரஸ் பாஸ் இருந்தது, அதாவது நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வாசலால் போக மேலதிகக் காசு கட்டி வாங்குகிற பாஸ். அவனுக்கும் சேர்த்து நான்கு பேருக்கு வாங்கியிருந்தோம்.

பிறகு ஒரு ஏப்ரலில் அக்காவின் குடும்பத்தோடு மறுபடியும் போகக் கிடைத்தது. அந்தத் தடவை எக்ஸ்பிரஸ் எடுக்கவில்லை. டிசம்பரில் பணம் கட்டிப் போனதைவிடக் கூடுதலான ரைட்களில் ஏறினோம். அதற்கு என்ன காரணம் என்று யோசித்து, விசாரித்து, நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் யார் சிங்கப்பூருக்கு வெளிக்கிட்டாலும் இப்போது என்னிடம் ஒரு போன் வருகிறது. போன கிழமை கல்முனையிலிருந்து ஒரு தகப்பன் எடுத்தார். "டீச்சர், எக்ஸ்பிரஸ் எடுக்கவா, விடவா? ரெண்டு புள்ளைகள். உம்மாவும் வாறா, அவவுக்கு முழங்கால் ஏலா. லைன்ல நிக்கலாம், மறுகா புள்ளைகள் களைச்சிப் போகுங்கள்." அவருக்குச் சொன்னதைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன் எதை வைத்துத் தீர்மானிப்பது என்று பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு உயரம். விலையைப் பார்க்கும் முன் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளவு நாடா பிடியுங்கள். பெரிய ரைட்களின் குறைந்தபட்ச உயரம் இப்படி: டிரான்ஸ்போமர்ஸ் 102 செ.மீ., ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரி 107 செ.மீ., மம்மி 122 செ.மீ., பற்றில்ஸ்டார் கலக்டிகா 125 செ.மீ. இந்தக் கடைசிப் பெயரில் இரண்டு ரோலர் கோஸ்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. சிவப்பில் இருந்துகொண்டு போகலாம், நீலத்தில் கால் தொங்கும். இரண்டுக்கும் அதே 125தான். டிரான்ஸ்போமர்ஸிலும் நீர்ச் சவாரியிலும் 122க்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் ஏற வேண்டும்.

இரண்டாவது, நாள். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருப்பதால் தனியாக எழுதுகிறேன்.

மூன்றாவது, ஒரு ரைட்டுக்கு விழும் காசு. எக்ஸ்பிரஸின் மொத்த விலையைப் பார்த்து மலைப்பதாலும் பயனில்லை, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, எடுப்போம்' என்று துணிவதாலும் பயனில்லை. உங்கள் வீட்டில் யார் எத்தனை நீண்ட வரிசைகளைத் தவிர்க்கப் போகிறார் என்று ஆளுக்கு ஆள் எண்ணி, விலையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

நான்காவது, ரைட்டில் ஏறாதவர்கள். நம் பயணங்களில் அம்மம்மாவோ உம்மாவோ கட்டாயம் இருப்பார். அவர் எங்கே, எவ்வளவு நேரம், எந்த நிழலில் இருக்கப் போகிறார்? இந்தக் கேள்வியை எந்த விளம்பரமும் கேட்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, மழை. சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னல் அபாயம் என்றால் வெளியே ஓடும் ரைட்களை நிறுத்திவிடுவார்கள். பற்றில்ஸ்டார், கனோபி ஃபிளையர், நீர்ச் சவாரி எல்லாம் அப்படி நிற்கக்கூடியவை. டிரான்ஸ்போமர்ஸ், மம்மி, மினியன் மேஹெம் கட்டடத்துக்குள் ஓடுகின்றன. மழை வந்தால் பூங்காவில் இருக்கும் சனம் முழுக்க இந்த உள்ளரங்க ரைட்களுக்குத்தான் திரும்பும்.

## நாள்: காசில்லாமல் கிடைக்கும் பெரிய பாஸ்

சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மார்ச்சில் ஒரு கிழமையும் செப்டெம்பரில் ஒரு கிழமையும் விடுமுறை. மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை ஏறக்குறைய நான்கு கிழமைகள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை ஏறக்குறைய ஆறு கிழமைகள். நம் பள்ளிக்கூடங்களுக்கு வழமையாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். இந்த இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். டிசம்பர் மட்டும்தான் மோதுகிறது.

நாம் ஏப்ரலில் புத்தாண்டுக்கு லீவு போட்டுப் போகும் நேரம் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். ஆகஸ்டில் 9ஆம் திகதி அவர்களுடைய தேசிய தினம். அதையும் அதை ஒட்டிய சனி ஞாயிறையும் விட்டுவிட்டால் மற்றக் கிழமை நாட்கள் சாதாரண பாடசாலை நாட்கள்தான். மாமாங்கத் தீர்த்தத்தை முடித்துக்கொண்டு ஆறுதலாகக் கிளம்பலாம். ஏப்ரலில் கவனிக்க வேண்டியது பெரிய வெள்ளி. அது அங்கே பொது விடுமுறை, சில வருடங்களில் மார்ச்சிலேயே வந்துவிடும். மே முதலாம் திகதியும் விடுமுறை. இந்தியாவில் கோடை விடுமுறை தொடங்குகிற காலம் என்பதால் அங்கிருந்து வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அது டிசம்பர்க் கூட்டம் ஆகாது.

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருக்கிறது. நோன்போடு ஒரு நாள் முழுக்க வெயிலில் நடப்பது கடினம், ஆகவே பலர் பெருநாள் முடிந்ததும் போகலாம் என்று நினைப்பார்கள். பெருநாள் அன்று சிங்கப்பூரிலும் விடுமுறை. அந்தக் கிழமை எல்லை தாண்டி மலேசியாவிலிருந்தும் குடும்பங்கள் வரும். முடிந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

கிழமை நாட்களுக்குள் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று நல்லது. அத்தோடு, வந்திறங்கிய அன்றே யூனிவர்சல் போகிற திட்டத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போய், அங்கிருந்து விமானம் ஏறி இறங்கிய பிள்ளைக்கு மறுநாளும் உடம்பு நம் மணிக்கூட்டில்தான் ஓடும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் பிள்ளைக்கு அது ஐந்தரை. அதனால் யூனிவர்சலை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்.

சரி, நாள் தீர்மானமாகிவிட்டது. இனி வழிகள்.

## வழி 1: காலையில் முதலாளாகப் போய் நிற்பது

பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். அன்றைய நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், சில நாட்களில் மாறும். திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே வாசலில் நிற்பதுதான் இந்த வழியின் உயிர். தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்களுக்கு இது லேசு. ஊதா நிற எம்ஆர்டி (நகர ரயில்) பாதை லிட்டில் இந்தியாவிலிருந்து ஹாபர்ஃபிரண்ட் வரை நேராகப் போகிறது, இடையில் மாற வேண்டியதில்லை. அங்கே விவோசிட்டி கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்குப் போகும் மொனோரெயில் ஏறலாம். இல்லாவிட்டால் கடலுக்கு மேலே போட்டிருக்கும் நடைபாதையால் நடக்கலாம், அதற்குக் காசில்லை. எங்கள் கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கிறவர்களுக்கு அந்தத் தூரம் ஒன்றுமேயில்லை.

உள்ளே போனதும் எங்கே திரும்புவது என்பதில்தான் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது. வாசலில் ஹொலிவூட் தெரு. இடப்பக்கம் 2025இல் திறந்த மினியன் லாண்ட், அதைத் தாண்டி ஷ்ரெக்கின் கோட்டை. வலப்பக்கம் நியூயோர்க், அடுத்து டிரான்ஸ்போமர்ஸும் பற்றில்ஸ்டாரும் இருக்கும் பகுதி, அடுத்து மம்மியின் எகிப்து. சனம் தெருவில் படம் எடுத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் நிற்காதீர்கள். படம் மாலையில் எடுக்கலாம், அப்போது வெளிச்சமும் நல்லாயிருக்கும்.

பிள்ளைகள் 122க்குக் கீழே என்றால் முதலில் இடப்பக்கம், மினியன் மேஹெம். பின் ஜுராசிக் பக்கம். வளர்ந்த பிள்ளைகள் என்றால் முதலில் வலப்பக்கம், பற்றில்ஸ்டார் இரண்டும். அவை வெளியே ஓடுபவை என்பதால் மழை வரும் முன் முடித்துவிட வேண்டும். அதன் பின் டிரான்ஸ்போமர்ஸ், மம்மி. நாங்கள் ஏப்ரலில் போனபோது அக்காவின் மூத்தவள் சிவப்பு, நீலம், டிரான்ஸ்போமர்ஸ் மூன்றையும் முதல் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டாள். முந்தின டிசம்பரில் டிரான்ஸ்போமர்ஸ் ஒன்றுக்கே பலகையில் 90 நிமிடம் என்று போட்டிருந்தது என் கண்ணில் இன்னும் நிற்கிறது.

நடுப்பகல் வந்ததும் வரிசைகள் ஊதும். அந்த நேரத்தை ரைட்களோடு போராடிக் கழிக்க வேண்டாம். சாப்பாட்டை 11.30க்கு முடியுங்கள், அல்லது இரண்டு மணிக்கு மேல் தள்ளுங்கள். இடையில் வோட்டர்வேர்ள்ட் காட்சிக்குப் போங்கள். பெரிய அரங்கம், நூற்றுக்கணக்கான பேர் ஒரே தடவையில் இருக்கலாம், அம்மம்மாவுக்குக் காலும் ஆறும். முன்வரிசைகளில் நனைப்பார்கள், பின்னால் இருந்தால் பயமில்லை.

இந்த வழியின் மறைந்த செலவு, நித்திரை. அடுத்தது பிள்ளைகளின் பொறுமை. இன்னொன்றும் உண்டு: பற்றில்ஸ்டாரிலும் மம்மியிலும் பையோடு ஏற விடமாட்டார்கள், பக்கத்து லொக்கரில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் வரைதான் லொக்கர் இலவசம். வரிசை நீண்டு அந்த நேரம் தாண்டினால் காசு கேட்கும். ஏறாத ஒருவரிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் எங்கள் வழி.

கைக்குழந்தை உள்ளவர்கள் ஒவ்வொரு பெரிய ரைட்டின் வாசலிலும் பணியாளரிடம் கேளுங்கள். யூனிவர்சல் பூங்காக்களில் தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறும் ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருப்பார். பிறகு இவர் வரிசையை முதலிலிருந்து தொடங்காமலே ஏறலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.

யாருக்கு: ஏப்ரல், ஆகஸ்ட் கிழமை நாட்களில் போகிற எல்லாருக்கும். சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு எந்த மாதத்திலும் இதுதான் என் முதல் தெரிவு.

## வழி 2: எக்ஸ்பிரஸ்

முதலில் இது என்ன என்று விளங்கிக்கொள்வோம். எக்ஸ்பிரஸ் என்பது நுழைவு டிக்கெட் அல்ல, நுழைவு டிக்கெட்டுக்கு மேலே தனியாக வாங்குவது. அதில் சேர்த்திருக்கும் ஒவ்வொரு ரைட்டிலும் ஒரு தடவை, எந்த நேரத்திலும் தனி வாசலால் போகலாம். நேரம் குறித்துப் பதிய வேண்டியதில்லை. எல்லா ரைட்களும் இதில் சேராது, எவை சேரும் என்ற பட்டியலை வாங்கும் அன்றே பாருங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் பயண முகவர் ஒருவர் கொடுத்த தாளில் 'யூனிவர்சல்' என்று மட்டும் இருந்தது. அவர்கள் எக்ஸ்பிரஸும் சேர்த்தி என்று நம்பிப் போய், அந்த வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெரியவர் ஒருவரின் முகம் அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும்! பயணப் பொதி எடுக்கிறவர்கள் முகவரிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்கள் நாம். பிறகு கியூஆர் வந்தது. வந்த அன்று வரிசை மறைந்துவிடவில்லை. ஆனால் நம் முறை எப்போது, நமக்கு எவ்வளவு என்பது தெரிந்ததால் மனம் ஆறியது. எக்ஸ்பிரஸும் அப்படித்தான். அங்கேயும் ஒரு வரிசை உண்டு, அது குறுகியது. டிசம்பர்க் கடைசியில் எக்ஸ்பிரஸ் வாங்கினவர்களும் அதிகம் என்பதால் அந்தக் குறுகிய வரிசையிலும் கொஞ்ச நேரம் நின்றோம்.

விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டமான நாட்களில் நுழைவு டிக்கெட்டின் விலையையே தாண்டிவிடும். நான் வாங்கியபோது பிள்ளைக்கென்று குறைந்த விலை இருக்கவில்லை. ஆகவே கணக்கை ஒரு உதாரணத்தோடு போட்டுக் காட்டுகிறேன், நீங்கள் உங்கள் நாளின் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு 80 டொலர், ஒரு சிங்கப்பூர் டொலர் 230 ரூபா என்று வைப்போம். 18,400 ரூபா. நான்கு பேருக்கு 73,600. இப்போது ஆளுக்கு ஆள் எண்ணுவோம். பதினாலு வயது மகள் 150 செ.மீ. என்றால் அவளுக்கு நீண்ட வரிசை உள்ளவை சிவப்பு, நீலம், டிரான்ஸ்போமர்ஸ், மம்மி, நீர்ச் சவாரி, மினியன் என ஆறு. 18,400ஐ ஆறால் வகுத்தால் ஒரு வரிசையைத் தவிர்க்க ஏறக்குறைய 3,070 ரூபா. 119 செ.மீ. மகனுக்கு மூன்றுதான் மிஞ்சும். அவனுக்கு ஒரு வரிசைக்கு 6,130 ரூபா. ரோலர் கோஸ்டர் பக்கமே போகமாட்டேன் என்கிற தாய்க்கும் ஏறக்குறைய அதே கணக்கு. அம்மம்மாவுக்கு வகுக்க எண்ணே இல்லை.

இந்த நான்கு வரிக் கணக்கை அன்று நான் போட்டிருந்தால் எங்களுக்கு இரண்டு பாஸ் போதும் என்று தெரிந்திருக்கும். எக்ஸ்பிரஸ் ஆளுக்குத்தான் விற்கப்படுகிறது, குடும்பத்துக்கு அல்ல. நால்வரும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'ஒருத்தருக்கு எடுத்து மற்றவருக்கு எடுக்காமல் விட்டால் சரியில்லையே' என்று நம் மனம் சொல்லும். எனக்கும் சொன்னது. ஆனால் பிள்ளைகள் அதைப் பாஸின் எண்ணிக்கையில் பார்ப்பதில்லை. சின்னவனுக்கு மினியன்களும் டைனோசரும் கிடைத்தால் போதும்.

மறைந்த செலவுகள்: அட்டையில் கட்டும்போது வங்கி தன் மாற்று வீதத்தையும் கட்டணத்தையும் சேர்க்கும். மழையில் ரைட் நின்றால் அதற்காகப் பணம் திரும்பி வரும் என்று எண்ணியிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் விட, பாஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் காலை ஆறுதலாகக் கிளம்புவோம். பதினொன்றரைக்கு உள்ளே போனால், பாஸ் இல்லாமல் கிடைத்திருக்கும் அருமையான காலை நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதே நேரத்தைக் காசுக்கு வாங்கியதாகத்தான் ஆகும். டிசம்பரில் நாங்கள் செய்தது அதுவே.

எப்போது வாங்குவது? ஒரு நாளுக்கு இத்தனை என்று அளவு வைத்துத்தான் விற்கிறார்கள். டிசம்பர் என்றால் நாள் தீர்மானித்ததும் வாங்கிவிடுங்கள். மற்ற மாதங்களில் பொறுத்திருந்து பார்க்கலாம். ரைட்களின் காத்திருப்பு நேரத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. நீங்கள் போகும் கிழமைக்கு முந்தின கிழமை, அதே செவ்வாயோ புதனோ, நம் நேரம் எட்டரைக்கும் பதினொன்றுக்கும் வீட்டிலிருந்தே ஒருக்கால் பாருங்கள். அங்கே அப்போது பதினொன்று, ஒன்றரை. இரண்டு நேரமும் முப்பது நாற்பது நிமிடம்தான் காட்டுகிறது என்றால் காசைச் சாப்பாட்டுக்கும் முஸ்தபா சென்டருக்கும் வைத்திருக்கலாம்.

யாருக்கு: டிசம்பரை விட்டால் வேறு மாதம் இல்லை என்கிறவர்களின் வளர்ந்த பிள்ளைகளுக்கு. இரவு விமானம் பிடிக்க வேண்டும், அரை நாள்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு. செப்டெம்பர், ஒக்டோபரில் ஹலோவீன் இரவு நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் பகல் பார்வையாளருக்குப் பூங்கா முன்னேரத்தோடு மூடப்படும், அந்த நாளில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் உதவும்.

## வழி 3: எக்ஸ்பிரஸ் அன்லிமிட்டெட்

ஒரே ரைட்டில் திரும்பத் திரும்ப ஏறலாம் என்பதுதான் வித்தியாசம். விலை இன்னும் கூட. ரோலர் கோஸ்டரில் ஐந்து தடவை ஏறினாலும் தலை சுற்றாத இளந்தாரிகள் இரண்டு பேர் சேர்ந்து போனால் இதன் பலனை எடுக்கலாம். குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன். பிள்ளை திரும்ப ஏற ஆசைப்படுகிற ரைட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அது மாலையில் மூடுவதற்கு முந்தின ஒரு மணித்தியாலத்தில் வரிசை குறையும்போது சும்மாவே கிடைக்கும். விஐபி டூர் என்றும் ஒன்று உண்டு. அதன் விலையில் நம் ஊரவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

## வழி 4: சிங்கிள் ரைடர்

இதைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிவதே இல்லை. மூன்று பேர் சேர்ந்து வந்தால் நாலாவது இருக்கை வெறுமையாகப் போகும். அந்த இருக்கையை நிரப்பத் தனியாக ஏறச் சம்மதிக்கிறவர்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். காசு இல்லை. டிரான்ஸ்போமர்ஸிலும் மம்மியிலும் இது உண்டு. சில நேரம் மூடிவைப்பார்கள், வாசலில் கேட்க வேண்டும்.

அக்காவின் மகள் ஏப்ரலில் மம்மிக்கு இப்படித்தான் போனாள். முதல் தடவை, "தனியா ஏறவா?" என்று முகம் சுருங்கினாள். இருபது நிமிடத்தில் வெளியே வந்து, எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் நேரே மறுபடி அந்த வாசலுக்கே ஓடினாள். மம்மி இருட்டுக்குள் ஓடுகிற ரைட். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது தெரியப் போவதுமில்லை.

இதன் விலை வேறு விதமானது. கணவன் மனைவி, சகோதரங்கள் ஒன்றாக இருக்க முடியாது. பிரிந்துதான் ஏற வேண்டும். 122க்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த வழி இல்லை. பயந்த சுபாவமுள்ள பிள்ளையை இதில் தள்ளிவிடவும் கூடாது. முதல் தடவை பெற்றோரோடு ஏறட்டும், இரண்டாம் தடவைக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | காலையில் முதலாளாக | எக்ஸ்பிரஸ் | அன்லிமிட்டெட் | சிங்கிள் ரைடர் |
|---|---|---|---|---|
| மேலதிகக் காசு | இல்லை | ஆளுக்கு, நாளுக்கேற்ப | அதைவிடக் கூட | இல்லை |
| 122 செ.மீ.க்குக் கீழ் | மிக நல்லது | பலன் பாதி | பலன் மிகக் குறைவு | முடியாது |
| வளர்ந்த பிள்ளைகள் | நல்லது | கூட்ட நாளில் நல்லது | திரும்பத் திரும்ப ஏறுவோருக்கு | மிக நல்லது |
| மூத்தவர்கள் | காலை நடை, பின் காட்சிகள் | தேவையில்லை | தேவையில்லை | பொருந்தாது |
| டிசம்பர் | முதல் இரண்டு மணித்தியாலம் மட்டும் | கைகொடுக்கும் | வசதி இருந்தால் | கைகொடுக்கும் |
| ஏப்ரல், ஆகஸ்ட் கிழமை நாள் | இதுவே போதும் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் | துணைக்கு |
| மறைந்த செலவு | நித்திரை, லொக்கர் நேரம் | தாமதமாகக் கிளம்பும் பழக்கம், மழை | ஏறாமல் போகும் தடவைகள் | பிரிந்து ஏறுவது |

## கல்முனைக் குடும்பத்துக்கு நான் சொன்னது

அவருடைய மகளுக்கு வயது பதினாலு, மகனுக்கு ஏழு. மகனின் உயரம் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். போனை வைக்காமலே அளக்கச் சொன்னேன். நாடா தேடுகிற சத்தமும், "நேரா நில்லு மகன்" என்ற சத்தமும் கேட்டது. 117 என்று வந்தது. டிசம்பரில் போகிறார்கள், மாற்ற வழியில்லை, மனைவிக்கு அப்போதுதான் லீவு.

ஆகவே இப்படிப் பிரித்தோம். டிசம்பர் 10ஆம் திகதிக்கு முந்தின ஒரு புதன்கிழமை. அங்கே பள்ளி விடுமுறைதான், ஆனாலும் நத்தார்க் கிழமையின் நெரிசல் இருக்காது. எக்ஸ்பிரஸ் இரண்டே இரண்டு, மகளுக்கும் தகப்பனுக்கும். ஐவருமாக ஒன்பது மணிக்கு வாசலில். உள்ளே போனதும் எல்லாரும் இடப்பக்கம் மினியன்களிடம், பாஸைக் காட்டாமல், காலை வரிசையிலேயே. அது முடிந்ததும் பிரிவது. தகப்பனும் மகளும் பற்றில்ஸ்டாருக்கு, மழை வரும் முன்னே. தாயும் மகனும் உம்மாவும் ஷ்ரெக் பக்கம். அங்கே ஷ்ரெக் 4டி அரங்கில் உம்மாவும் குளிரில் இருந்து பார்க்கலாம். பதினொன்றரைக்கு எல்லாரும் சாப்பாட்டில் சந்திப்பது. ஹலால் உணவகங்கள் உள்ளேயே இருக்கின்றன, எவை என்பதை வரைபடத்தில் முதல்நாளே அடையாளம் போட்டு வைக்கச் சொன்னேன். பிறகு எல்லாருமாக வோட்டர்வேர்ள்ட். மற்ற ரைட்களுக்குப் பாஸ் மாலை வரை செல்லும், அவசரமில்லை.

சின்னவனுக்கு மம்மியும் பற்றில்ஸ்டாரும் இல்லை என்பதை இங்கே, கல்முனையில் வைத்தே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அளந்த இடத்தில் சுவரில் 122க்கு ஒரு கோடும் கீறிக் காட்டச் சொன்னேன். டிரான்ஸ்போமர்ஸ் அவனுக்கு உண்டு, தாயோடு ஏறலாம். அதற்கு நல்ல நேரம் பூங்கா மூடுவதற்கு முந்தின மணித்தியாலம். நீர்ச் சவாரிக்கு இங்கிருந்தே மெல்லிய மழைக்கோட்டுகளை மடித்துக்கொண்டு போகட்டும், அங்கே வாங்கினால் காசு. தண்ணீர்ப் போத்தலும் வேண்டும், குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

"அப்ப ரெண்டு பாஸ்தானா டீச்சர்? நான் அஞ்சுக்குக் கணக்குப் போட்டிருந்தன்" என்றார். எங்கள் உதாரண விலையிலேயே மூன்று பாஸுக்கு 55,200 ரூபா மிச்சம். அந்தக் காசில் உம்மாவை ஒரு நாள் சக்கர நாற்காலியில் வைத்து, விவோசிட்டியிலிருந்து திரும்பவும் அறைக்கு டக்சியில் கொண்டுபோகச் சொன்னேன். அந்த முழங்காலோடு எம்ஆர்டி படிகளில் அவர் ஏறி இறங்கக் கூடாது.